நாட்பட்ட களைப்பு நோய்: சிகிச்சை முறைகள்

நாட்பட்ட களைப்பு நோயைக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. இன்று சிகிச்சை என்று தரப்படுவதெல்லாம் தொல்லைகளைத் தணிப்பதற்கும், இருக்கிற தெம்பு மேலும் குறையாமல் காப்பதற்கும் உரியவை. மருத்துவ நூல்கள் இந்நோயை எம்.இ./சி.எஃப்.எஸ். என்ற இரட்டைப் பெயரால் குறிக்கின்றன. முன்பாதி 'மயால்ஜிக் என்செபலோமைலைடிஸ்' என்பதன் சுருக்கம். 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஊழியர்கள் ஏறத்தாழ 300 பேர் அடுத்தடுத்துப் படுக்கையில் விழுந்த பிறகு புழக்கத்துக்கு வந்தது. பின்பாதி 'குரோனிக் ஃபட்டீக் சிண்ட்ரோம்'. 1988இல் அமெரிக்க மருத்துவர்கள் வைத்தது. களைப்பு என்ற சொல்லே இந்நோயாளிகளுக்குப் பகையாகிவிட்டது. எல்லோருக்கும் வருகிற அசதிதானே, நாலு நாள் காலாற நடந்தால் போய்விடும் என்று வீட்டாரும் சொல்கிறார்கள், சில மருத்துவர்களும் சொல்கிறார்கள். அந்த அறிவுரையே பலரை முடக்கியிருக்கிறது.

ஏன் என்பதை இந்நோயின் தனி அடையாளம் விளக்கும். உடலாலோ மூளையாலோ தன் அளவை மீறி உழைத்தால், அதன் விளைவு உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ, காய்ச்சல் கண்டது போன்ற வலியும் தலைபாரமும் நினைவுத் தடுமாற்றமும் வந்து ஆளைச் சாய்க்கும். இந்தச் சரிவு சில நாள் நீடிக்கலாம், சில மாதமும் நீடிக்கலாம். சிலர் பழைய நிலைக்குத் திரும்புவதேயில்லை. இதை 'உழைப்புக்குப் பிந்திய நலிவு' என்பர். அடுத்தடுத்த இரு நாட்களில் சைக்கிள் மிதிக்கவைத்து, மூச்சில் செலவாகும் ஆக்சிஜனை அளந்தால், இரண்டாம் நாளில் நோயாளிகளின் திறன் இறங்குவதைச் சோதனைகள் காட்டியுள்ளன. வெறும் பயிற்சியின்மையால் தளர்ந்தவர்கள் இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே அளவைத் தொடுகிறார்கள்.

அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2015இல் வகுத்த வரையறைப்படி, 6 மாதத்துக்கு மேல் நீடிக்கும் செயலிழப்பு, மேற்சொன்ன நலிவு, எவ்வளவு தூங்கினாலும் தெளியாத தூக்கம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்; சிந்தனைக் குழப்பமோ, நிமிர்ந்து நிற்கும்போது வரும் கிறுகிறுப்போ கூடவே இருக்க வேண்டும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 3 மாதத்திலேயே நோயை உறுதி செய்யலாம் என்கிறது. இரத்தப் பரிசோதனை எதுவும் இந்நோயை நேரடியாகக் காட்டாது. ஆகவே இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய், காசநோய், பி12 குறைவு, தூக்கத்தில் மூச்சுத் திணறல் முதலியவற்றை முதலில் விலக்கியாக வேண்டும். இவற்றுக்கெல்லாம் மருந்து உண்டு என்பதால், இந்தப் படியைத் தாண்டிப் போவது பெரும் பிழை.

நோய் உறுதியானபின் முதலில் கற்பிக்க வேண்டியது அளவறிந்து இயங்கும் முறை. ஆங்கிலப் பெயராலேயே 'பேசிங்' என்று சொல்கிறார்கள். கையிருப்பு அறிந்து செலவு செய்யும் குடும்பக் கணக்கைப் போன்றது இது. களைப்பு வந்தபின் ஓய்வெடுப்பதல்ல. களைப்பு வருமுன்பே நிறுத்திக்கொள்வது. முக்காலியில் உட்கார்ந்து குளிப்பது, காய் நறுக்குவதைப் படுக்கையருகே வைத்துக்கொண்டு இரண்டு தவணையாகச் செய்வது, விருந்தினர் வரும் நாளுக்கு முன்னும் பின்னும் வேறு வேலை வைத்துக்கொள்ளாதது என்று இது அன்றாடத்தில் உருவெடுக்கும். படிப்பதும் பேசுவதும் அழுவதும்கூட இந்தக் கணக்கில் செலவுதான். மணிக்கட்டில் இதயத் துடிப்புக் கருவி கட்டிக்கொள்வோர் உண்டு. ஓய்வுநிலைத் துடிப்புக்கு மேல் நிமிடத்துக்கு 15 துடிப்பு கூடினாலே கையிலுள்ள வேலையை நிறுத்திவிடுவது அவர்களிடையே பரவலான வழக்கம். மிகவும் கடினமானது நல்ல நாள்தான். உடம்பு சற்றே லேசாக இருக்கும் அன்று, தேங்கிய வேலைகளையெல்லாம் முடித்துவிடத் தோன்றும். முடித்தால் அடுத்த வாரம் முழுக்கப் படுக்கை. பேசிங் நோயைத் தீர்ப்பதில்லை. ஆனால் சரிவுகளைக் குறைக்கிறது. இன்றுள்ள வழிகளில் நோயாளிகள் அதிகம் நம்பிப் பற்றுவது இதைத்தான்.

இதற்கு நேர்மாறான சிகிச்சை பல ஆண்டுகள் அதிகாரப்பூர்வமாக ஆட்சி செய்தது. நோய் நீடிப்பதற்குக் காரணம் பயிற்சியின்மையும் உழைப்பைப் பற்றிய அச்சமும் என்ற கருத்தில், படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் முறையும், எண்ணங்களை மாற்றும் உளவியல் சிகிச்சையும் பரிந்துரைக்கப்பட்டன. நைஸ் 2007இல் இரண்டையும் ஏற்றது. அவற்றுக்குப் பெரிய ஆதாரமாக நின்றது 'பேஸ்' ஆய்வு. பிரிட்டனில் 641 நோயாளிகளைக் கொண்டு நடந்து, 2011இல் 'லான்செட்' இதழில் வெளியான இது இரு முறைகளும் பலன் தருவதாக அறிவித்தது. இவற்றில் எதைப் பெற்றாலும் 22 விழுக்காட்டினர் மீண்டுவிட்டதாக 2013இல் அடுத்த கட்டுரை சொன்னது.

நோயாளிகள் அந்தக் கணக்கைத் துருவினார்கள். மீட்சிக்கு முதலில் வகுத்த அளவுகோலை ஆய்வாளர்கள் இடையில் தளர்த்தியிருந்தது வெளிவந்தது. உடல் இயக்கத்துக்கான 100 புள்ளி அளவில் 65 அல்லது அதற்குக் கீழே இருப்பவரே ஆய்வில் சேரலாம். ஆனால் 60ஐத் தொட்டாலே அந்த அம்சத்தில் மீண்டவராகிவிடலாம். சேர்ந்த நாளைவிட மோசமானவரும் மீண்டவர் வரிசையில் நிற்கக்கூடிய கணக்கு அது. மூலத் தரவைக் கேட்டு விண்ணப்பித்தவர் ஒரு நோயாளி. தர மறுக்கப்பட்டு வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போக, 2016இல் அது அவர் பக்கம் தீர்ப்பளித்தது. முதலில் வகுத்த அளவுகோலைக் கொண்டு மறுபடி கணக்கிட்டபோது, மீண்டோர் உளவியல் சிகிச்சையில் 7 விழுக்காடு, உடற்பயிற்சியில் 4 விழுக்காடு, வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோரில் 3 விழுக்காடு. ஓராண்டு முடிவில் உடற்பயிற்சிக் குழுவினர் 6 நிமிடத்தில் சராசரியாக நடந்த தூரம் 379 மீட்டர்; நலமான நடுவயதினர் அதே நேரத்தில் 600 மீட்டரைத் தொட்டுவிடுவர். படுக்கையில் கிடந்தபடியே சான்றுகளைச் சேர்த்து இந்தத் தவறை வெளிக்கொணர்ந்தவர்களின் உழைப்பு மருத்துவ வரலாற்றில் போற்றத்தக்கது.

2017இல் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் இவ்விரு சிகிச்சைப் பரிந்துரைகளையும் தன் இணையப் பக்கங்களிலிருந்து நீக்கியது. 2021 அக்டோபர் 29 அன்று நைஸ் புதிய வழிகாட்டுதலை வெளியிட்டு, படிப்படியான உடற்பயிற்சி முறையைக் கைவிட்டது. உளவியல் சிகிச்சை நோயோடு வாழும் மனச்சுமைக்குத் துணையாகலாம், தீர்வாகாது என்று அதன் இடத்தை வரையறுத்தது. யோகாசனத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: மறுநாள் என்ன ஆகிறது என்று பார்த்துத்தான் எதையும் தொடர வேண்டும்.

தொல்லைகளைத் தணிக்கும் மருந்துகள் பல உண்டு. எழுந்து நின்றதும் இதயம் படபடத்துக் கண் இருட்டும் நோயாளிகளை, 10 நிமிடம் சுவரில் சாய்த்து நிற்கவைத்து நாடியை எண்ணினாலே பலருக்கு விடை கிடைத்துவிடும். பெரியவர்களுக்குத் துடிப்பு நிமிடத்துக்கு 30க்கு மேல் கூடி அப்படியே நீடித்தால் அதற்குத் தனிச் சிகிச்சை தேவை. நீரும் உப்பும் கூட்டுவது, கால்களை இறுக்கும் காலுறை அணிவது, தேவையானால் புளூட்ரோகார்ட்டிசோன், மிடோடிரின், இவாபிரடின், பீட்டா தடுப்பான்கள் ஆகியவை இங்கே உதவுகின்றன. இரத்தக் கொதிப்போ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது. தூக்கத்துக்கும் வலிக்கும் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், நரம்பு வலிக்குக் கேபாபென்டின் போன்றவை தரப்படுகின்றன. இந்நோயாளிகளின் உடல் பல மருந்துகளை எளிதில் தாங்காது என்பதால், வழக்கமான அளவைவிடக் குறைத்துத் தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும். குறைந்த அளவு நால்ட்ரெக்சோன், நாளொன்றுக்கு 4.5 மில்லிகிராம் வரை, பலரால் எடுக்கப்படுகிறது, சிலருக்குக் கேட்கிறது, உறுதியான பெரிய சோதனை இன்னும் தேவை.

நோயின் வேரைப் பிடிக்க முயன்ற மருந்துகளின் கதை ஏமாற்றங்களால் ஆனது. நார்வேயின் பெர்கனில், புற்றுநோய்க்காக வேதிமருந்துச் சிகிச்சை பெற்ற ஒருவருக்கு இந்நோயும் தணிந்ததைப் புளூகே, மெல்லா என்ற இரு மருத்துவர்கள் கவனித்தார்கள். அதைத் தொடர்ந்து ரிடக்சிமாப் என்ற மருந்தைக் கொண்டு 30 பேரிடம் நடந்த முதல் சோதனை நம்பிக்கை தந்தது. 151 பேரிடம் நடந்து 2019இல் வெளியான சோதனையில் அது வெற்றுமருந்தை மிஞ்சவில்லை. அதே மருத்துவர்களே அம்முடிவை ஒளிவுமறைவின்றி வெளியிட்டார்கள். ரின்டாடோலிமாட் என்ற மருந்தை அமெரிக்கா 2013இல் ஏற்க மறுத்தது. அர்ஜென்டினா 2016இல் ஏற்றது. நோயைத் தீர்ப்பதாகச் சொல்லி விற்கப்படும் ஊட்டச்சத்துக் குப்பிகளுக்குச் சான்று கிடையாது, குறைபாடு இருப்பதாகச் சோதனையில் தெரிந்தாலொழிய அவற்றுக்குக் காசைக் கரைக்க வேண்டாம்.

நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வீட்டோடோ படுக்கையோடோ அடைந்துகிடக்கிறார். முற்றிய நிலையில் வெளிச்சமும் பேச்சொலியும் தொடுதலும்கூடத் தாங்கமுடியாதவை. சிலருக்கு விழுங்கும் தெம்பும் போய், குழாய் வழியே உணவு தர வேண்டியிருக்கும். இவர்களை மருத்துவமனையின் பொதுப் பிரிவில், விளக்குக்கடியில், உட்கார்த்திவைத்து நடத்துவதே கேடாகலாம். 2021இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் 27 வயதுப் பெண் ஒருவர் போதிய உணவு செல்லாமல் இறந்தார். கடுமையான எம்.இ.யே அதற்குக் காரணம் என்று 2024இல் மரண விசாரணை அதிகாரி முடிவு செய்து, இத்தகையோருக்கென மருத்துவமனைப் படுக்கைகளோ முறையான பராமரிப்போ இல்லாததைச் சுட்டி அரசுக்கு எழுதினார்.

பெரியவர்களில் முழுமையாகக் குணமாவோர் சிலரே. சிறுவர்களுக்கு வாய்ப்பு அதிகம். கோவிட்டுக்குப் பின் இதே அறிகுறிகளோடு வருவோர் பெருகியதால் ஆராய்ச்சிக்கும் வேகம் கூடியிருக்கிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் 'டிகோட்எம்இ' ஆய்வு 15,579 நோயாளிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு, நோயோடு தொடர்புள்ள 8 மரபணு இடங்களை 2025இல் அறிவித்தது. அவற்றில் சில நோய் எதிர்ப்புக்கும் சில நரம்பு மண்டலத்துக்கும் உரியவை. மருந்து வரும்வரை, நோயாளி 'இன்றைக்கு இவ்வளவுதான் முடியும்' என்று சொன்னால் வீட்டாரும் மருத்துவரும் அதை நம்பி, அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.