உங்கள் மானிட்டர் காட்டும் நிறம் சரிதானா? போட்டோ எடிட் செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை

ஆன்லைனில் சேலை விற்கும் பக்கங்களில், விவரங்களுக்கெல்லாம் அடியில் ஒரு வரி இருக்கும். படம் எடுத்த வெளிச்சத்தாலும், உங்கள் திரையின் செட்டிங்காலும் நிறம் சற்று மாறுபடலாம் என்று சொல்லும் வரி அது. மாம்பழ மஞ்சள் என்று நினைத்து ஆர்டர் செய்வோம். கடுகு மஞ்சளில் ஒன்று வந்து சேரும். ரிட்டர்ன் போட்டுவிட்டு மறந்துவிடுவோம்.

ஆனால் அந்தப் படத்தை எடிட் செய்தவரே நீங்கள் என்றால்? வார இறுதிகளில் கல்யாண ஆல்பம் செய்கிறீர்கள், அல்லது தோழியின் இன்ஸ்டாகிராம் துணிக்கடைக்குப் படங்கள் தயார் செய்து கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிறம் மாறியதில் உங்கள் மானிட்டருக்கும் பங்கு இருக்கலாம். ரிட்டர்ன் செலவோ தோழியின் கணக்கில் போகும். எனவே மானிட்டரை நம்புவதற்கு முன்பும், புதிதாக ஒன்று வாங்குவதற்கு முன்பும் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வோம்.

திரை தப்பாகக் காட்டினால் என்ன ஆகும்?

தப்பு திரையோடு நிற்காது. தலைகீழாகத் திரும்பி, படத்துக்குள் போய்விடும்.

உங்கள் திரை கொஞ்சம் நீலம் கலந்து காட்டுகிறது என்று வையுங்கள். மணமகளின் முகம் வெளிறித் தெரிகிறதே என்று நீங்கள் மஞ்சளைக் கூட்டுவீர்கள். உங்கள் திரையில் இப்போது படம் அருமை. சரியான திரையில் அதே படத்தைப் பார்ப்பவருக்கு மணமகள் மஞ்சள் பூசியது போலத் தெரிவார். திரை தேவைக்கு மேல் பிரகாசமாக இருந்தால் படத்தை இருட்டாக்குவீர்கள். ஆல்பம் பிரிண்ட் இருண்டு வரும். திரை நிறங்களைத் தூக்கிக் காட்டினால் நீங்கள் அடக்குவீர்கள். மற்றவர்கள் திரையில் படம் சோகையாக இருக்கும்.

எடிட் செய்பவரின் திரையில் மட்டும் எல்லாம் சரியாகத் தெரிவதால், கோளாறு எங்கே என்று கடைசி வரை பிடிபடாது. "பிரிண்ட் லேப் சொதப்பிட்டாங்க" என்ற முடிவுக்குத்தான் பெரும்பாலும் வருவோம்.

கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்க முடியாதா?

ஓரளவுக்குத்தான். ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். லேப்டாப்பில் நைட் மோடை ஆன் செய்யுங்கள். முதலில் திரை முழுக்க ஆரஞ்சாகத் தெரியும். கொஞ்ச நேரம் வேலை செய்தால் அதே பக்கம் வெள்ளையாகவே தோன்றும். இப்போது அணைத்துவிடுங்கள். திரை நீலமாகத் தெரியும். திரை பழைய நிலைக்குத்தான் வந்தது. மாறியது உங்கள் கண்.

இருக்கும் வெளிச்சத்துக்கு ஏற்ப எது வெள்ளை என்பதை மூளை அவ்வப்போது திருத்திக்கொள்கிறது. 2015 பிப்ரவரியில் இணையத்தையே இரண்டாகப் பிரித்த அந்த உடைப் படம் நினைவிருக்கிறதா? ஒரே படம், சிலருக்கு வெள்ளை-தங்கம், சிலருக்கு நீலம்-கருப்பு. நிஜ உடை நீலம்-கருப்புதான். அங்கே எந்த வெளிச்சம் விழுந்திருக்கும் என்று ஒவ்வொருவர் மூளையும் ஒவ்வொரு விதமாக ஊகித்ததே வித்தியாசத்துக்குக் காரணம் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். தினமும் எட்டு மணி நேரம் பார்க்கும் திரைக்கும் கண் இப்படித்தான் பழகிவிடுகிறது. பழகிய திரைதான் உங்களுக்குச் சரியான திரை.

பெட்டியில் போட்டிருக்கும் சதவீதம் எதைச் சொல்கிறது?

விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது "100% எஸ்ஆர்ஜிபி" என்பது போன்ற எண். எஸ்ஆர்ஜிபி என்பது ஹெச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் 1996-ல் உருவாக்கிய நிற வரம்பு. 1999-ல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. இணையத்தில் உள்ள பெரும்பாலான படங்கள் இந்த வரம்புக்குள்தான் இருக்கின்றன. எனவே மானிட்டர் இதை முழுமையாகக் காட்ட வேண்டும் என்பதே முதல் தகுதி.

விலை குறைந்த லேப்டாப்களில் "45% என்டிஎஸ்சி" என்று போட்டிருப்பார்கள். என்டிஎஸ்சி என்பது 1953-ல் அமெரிக்க கலர் டிவிக்காக வகுத்த பழைய வரம்பு. அதில் சுமார் 72% பரப்புதான் எஸ்ஆர்ஜிபி. கணக்குப் போட்டால், 45% என்டிஎஸ்சி என்பது எஸ்ஆர்ஜிபி-யில் ஏறக்குறைய 63%. அடர்ந்த சிவப்பையும் பச்சையையும் அந்தத் திரையால் காட்டவே முடியாது. எந்த செட்டிங்கை மாற்றினாலும் வராது. ஆபீஸ் வேலைக்கு ஓகே. நிறம் பார்த்து எடிட் செய்ய உதவாது.

எண் பெரிதாக இருந்தால் நல்லதா? அதுவும் இல்லை. "130% எஸ்ஆர்ஜிபி" என்றால் பரப்பு பெரிது என்று மட்டுமே பொருள். எஸ்ஆர்ஜிபி-யின் எல்லா நிறமும் அதற்குள் அடங்குகிறதா என்பது தனிக் கேள்வி. எனவே பரப்பை விட, எவ்வளவு அடங்குகிறது என்ற எண்ணைத் தேடுங்கள். அடுத்து, இப்படிப்பட்ட அகன்ற வரம்புத் திரையில், நிறத்தை மொழிபெயர்க்கத் தெரியாத ஆப் ஒன்றில் சாதாரணப் படத்தைத் திறந்தால் முகம் தக்காளி போலச் சிவக்கும். வாங்கும் மானிட்டரில் எஸ்ஆர்ஜிபி மோடு தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

எஸ்ஆர்ஜிபி-க்கும் எல்லை உண்டு. பச்சைக்கும் நீலத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் அது பலவீனம். மயில்கழுத்து நிறப் பட்டு, படத்தில் பாதி உயிரோடு வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அதை எடிட் செய்து மீட்க முயல்வதை விட, விவரத்தில் ஒரு வரி எழுதிவிடுவது மேல்.

டெல்டா இ என்றால் என்ன?

வரம்பு என்பது எவ்வளவு நிறம் காட்டும் என்பது. அதை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான அளவுதான் டெல்டா இ. வர வேண்டிய நிறத்துக்கும் திரையில் வந்த நிறத்துக்கும் உள்ள தூரம் என்று புரிந்துகொள்ளலாம். தோராயமாக, 1-க்குக் கீழே இருந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 2, 3 என்றால் பக்கத்தில் வைத்து உற்றுப் பார்த்தால் தெரியும். 5-ஐத் தாண்டினால் யார் பார்த்தாலும் தெரியும்.

பல பெட்டிகளில் "டெல்டா இ 2-க்கும் குறைவு" என்று இருக்கும். நம்பலாமா? "சராசரி" என்ற சொல் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் உஷாராக இருங்கள். நிறம் சோதிக்கப் பரவலாகப் பயன்படும் கலர்செக்கர் அட்டையில் 24 கட்டங்கள். ஒரு மானிட்டர் 22 கட்டங்களில் 1 எடுத்து, மீதி இரண்டில் 7 எடுத்தால் சராசரி 1.5 தான். பெட்டியில் தைரியமாகப் போடலாம். ஆனால் அந்த அட்டையில் இரண்டு கட்டங்கள் மனிதத் தோலின் நிறங்கள். 7 வாங்கியவை அந்த இரண்டும் என்றால், கல்யாண ஆல்பத்துக்கு அந்த மானிட்டர் பயன்படாது. எனவே ரிவ்யூ படிக்கும்போது சராசரியோடு, அதிகபட்ச டெல்டா இ எவ்வளவு என்றும் பாருங்கள். மானிட்டர்களைக் கருவி வைத்து அளக்கும் ரிவ்யூக்களில் இந்த விவரம் கிடைக்கும்.

பேனலும் பிட்டும் முக்கியமா?

முக்கியம். டிஎன் பேனலில் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே நிறம் மாறும். திரையின் மேல் பகுதியும் கீழ்ப் பகுதியும் வேறு வேறாகத் தெரியும். எடிட்டிங்குக்கு ஐபிஎஸ் பாதுகாப்பான தேர்வு.

பிட் என்பது ஒவ்வொரு நிறத்திலும் எத்தனை படிகள் என்ற கணக்கு. 6 பிட் என்றால் 64 படி, 8 பிட் என்றால் 256 படி. 8 பிட்டில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்து சுமார் 1.67 கோடி நிறங்கள் வரும். படிகள் குறைந்தால், மாலை வானம் போன்ற இடங்களில் நிறம் வழுக்கிக்கொண்டு போகாமல் பட்டை பட்டையாகத் தெரியும். போட்டோ வேலைக்கு உண்மையான 8 பிட் இருந்தால் பெரும்பாலும் போதும்.

சரி, காசு செலவில்லாமல் என்ன செய்யலாம்?

முதலில் நைட் மோடு, ட்ரூ டோன், தானாகப் பிரகாசம் மாறும் வசதி, "விவிட்" மோடு எல்லாவற்றையும் அணையுங்கள். திரையை அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு இவற்றைச் செய்து பாருங்கள்.

ஒன்று: கருப்பிலிருந்து வெள்ளை வரை போகும் சாம்பல் பட்டை ஒன்றைத் திறங்கள். நடுவே எங்காவது இளஞ்சிவப்போ பச்சையோ எட்டிப் பார்த்தால் திரையில் நிறச் சாய்வு இருக்கிறது.

இரண்டு: முழுக் கருப்பின் மேல் 5, 10, 15 என்ற மதிப்புள்ள கட்டங்களை வரையுங்கள். ஒன்றுமே தெரியவில்லை என்றால் நிழல் பகுதிகளில் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் எடிட் செய்கிறீர்கள். வெள்ளையின் மேல் 245, 250 கட்டங்களுக்கும் இதே சோதனை.

மூன்று: வெள்ளைத் தாள் ஒன்றை, நீங்கள் வேலை செய்யும் விளக்கு வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையின் வெள்ளை டியூப்லைட் போல எரிந்தால் பிரகாசத்தைக் குறையுங்கள். பிரிண்டுக்குப் போகும் படங்களுக்கு 80 முதல் 120 நிட் வரை வைப்பது வழக்கம். பல லேப்டாப்களின் முழுப் பிரகாசம் 250 நிட்டுக்கு மேல். ஆல்பம் இருண்டு வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

நான்கு: கண்ணை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். எடிட்டிங் ஆப்பில் உள்ள ஐட்ராப்பரை, படத்தில் சாம்பலாகவோ வெள்ளையாகவோ இருக்க வேண்டிய இடத்தில் வையுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்ணாக இருந்தால் நிறம் நடுநிலை. 240, 240, 220 என்று வந்தால் மஞ்சள் ஏறியிருக்கிறது. இந்த எண் ஃபைலுக்குள் இருப்பது. உங்கள் திரை எவ்வளவு மோசமாக இருந்தாலும் மாறாது. ஆனால் வெள்ளை வேட்டியை நம்பி இதைச் செய்யாதீர்கள். சொட்டு நீலம் போட்ட வேட்டி நடுநிலை வெள்ளை அல்ல. ஷூட்டின் தொடக்கத்தில் ஒரு கிரே கார்டை வைத்து ஒரு படம் எடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது.

கருவி எப்போது வேண்டும்?

வேறொருவர் காசு கொடுக்கும் வேலை என்றால் வேண்டும். கலரிமீட்டர் என்ற சிறு கருவியைத் திரையின் மேல் தொங்கவிட்டால், மென்பொருள் வரிசையாக நிறங்களைக் காட்டும், கருவி அளக்கும். டேட்டாகலர் ஸ்பைடர், கேலிபிரைட் ஆகியவை பரவலாகக் கிடைப்பவை. டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருள் பல கருவிகளோடு வேலை செய்யும்.

இங்கே இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலாவது, பிரகாசம், வெள்ளைப் புள்ளி, காமா ஆகியவற்றைச் சரியான இடத்தில் நிறுத்துவது. இணையப் படங்களுக்கு வெள்ளை 6500 கெல்வின், காமா 2.2 என்பது வழக்கம். இரண்டாவது, இந்தத் திரை நிறங்களை இப்படித்தான் காட்டுகிறது என்று ஐசிசி புரொஃபைல் எழுதிவைப்பது. ஃபோட்டோஷாப், லைட்ரூம் போன்றவை அதைப் படித்து நிறத்தைத் திருத்திக் காட்டும். அதே மாடல் வைத்திருக்கும் நண்பரின் புரொஃபைலை இறக்கிப் போடுவது, அவருடைய கண்ணாடியை நீங்கள் போட்டுக்கொள்வது மாதிரி. ஒரே மாடலிலும் திரைக்குத் திரை வித்தியாசம் உண்டு. திரை பழையதாக ஆக நிறமும் நகரும் என்பதால் மாதம் ஒருமுறை அளப்பது நல்லது. சில நிமிட வேலைதான். இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு கருவி வாங்கினாலும் போதும்.

கருவியால் முடியாதது ஒன்று உண்டு. 63% திரையை அது 100% ஆக்காது. எனவே காசு குறைவு என்றால் முதலில் முழு எஸ்ஆர்ஜிபி காட்டும் ஐபிஎஸ் மானிட்டர், அடுத்து கருவி என்ற வரிசையில் போங்கள். அடோபி ஆர்ஜிபி வரம்பு தரமான பிரிண்ட் வேலை எடுப்பவர்களுக்கு. டிஸ்ப்ளே பி3 புதிய போன்களை மனதில் வைத்து வேலை செய்பவர்களுக்கு. மற்றவர்கள் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

அறையையும் கவனிக்க வேண்டுமா?

ஆம். மஞ்சள் எல்இடிக்குக் கீழே, ஆரஞ்சுச் சுவருக்கு எதிரே வைத்த திரையைக் கருவி திருத்தினாலும், கண் மறுபடி ஏமாறும். திரைக்கு நேரே ஜன்னல் வேண்டாம். பகலிலும் இரவிலும் ஒரே மாதிரி மிதமான வெளிச்சம் இருக்கட்டும். ஆப்பின் பின்னணி நிறம் சாம்பலாக இருக்கட்டும்.

கடைசியாக, படத்தை எஸ்ஆர்ஜிபி-யில், புரொஃபைலை உள்ளே சேர்த்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பெரிய ஆல்பம் ஆர்டர் கொடுக்கும் முன், லேபில் தானியங்கித் திருத்தம் எதுவும் வேண்டாம் என்று சொல்லி ஒரே ஒரு படத்தை பிரிண்ட் போட்டு, பகல் வெளிச்சத்தில் திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாங்குபவரின் போன் எப்படிக் காட்டும் என்பது உங்கள் கையில் இல்லை. ஆகவே சேலைப் பக்கத்தின் அடியில் உள்ள அந்த வரி எப்போதும் இருக்கத்தான் செய்யும். உங்கள் பக்கத்துத் தப்பை மட்டுமாவது அதிலிருந்து கழித்துவிடலாம்.