மூன்றின் கணக்கும் ஒரு மர இயந்திரமும்

கணக்குப் போடும் இயந்திரம் என்றதும் சார்லஸ் பாபேஜ் பெயர்தான் முதலில் வரும். அதே காலத்தில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், கிரேட் டோரிங்டன் என்ற சிற்றூரில், இன்னொருவர் மரத்திலேயே ஒரு கணக்கு இயந்திரம் செய்து இயக்கியும் காட்டினார். அவர் பெயர் தாமஸ் ஃபவுலர் (1777-1843). பீப்பாய் செய்பவரின் மகன். அதிகம் பள்ளிக்குப் போகாதவர். கணிதத்தைத் தானே படித்து, அச்சகம், புத்தகக்கடை என்று தொடங்கி, வங்கிப் பங்குதாரராக உயர்ந்தவர்.

இவருக்கு ஏன் இந்த வேலை?

1834-ல் வந்த ஏழைகள் நிவாரணச் சட்டப்படி, பல ஊர்கள் சேர்ந்து செலவைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். டோரிங்டன் ஒன்றியத்தின் பொருளாளர் ஃபவுலர்தான். அன்றைய ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஒரு பென்னிக்கு 4 ஃபார்திங்! இந்தப் பணத்தை விகிதப்படி பிரிப்பது எவ்வளவு தலைவலி என்று வட்டிக் கணக்குப் போட்டவர்களுக்குப் புரியும். 1838-ல் அவர் இதற்காகவே கணக்கு அட்டவணைகள் வெளியிட்டார். அடுத்தது இயந்திரம்.

மூன்றின் சூட்சுமம்

நாம் எழுதும் எண்களில் ஒன்று, பத்து, நூறு என்று இடங்கள் பத்து மடங்காகக் கூடும். ஃபவுலர் எடுத்துக்கொண்டது 1, 3, 9, 27... ஒவ்வொரு இடத்திலும் கூட்டல், பூஜ்யம், கழித்தல் என்று மூன்றே நிலைகள்.

தராசை நினைத்துக்கொள்ளுங்கள். 1, 3, 9, 27 கிலோ என்று நான்கு எடைக்கற்கள்தான் உண்டு. 25 கிலோ அரிசி நிறுக்க வேண்டும். ஒரு தட்டில் 27-ம் 1-ம். அரிசித் தட்டில் 3. அதாவது 27 - 3 + 1 = 25. இப்படி 1 முதல் 40 வரை எல்லா முழு எண்ணையும் நிறுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வழிதான் உண்டு. 25-ஐ + 0 - + என்று எழுதினால், குறிகளைத் திருப்பிய - 0 + - என்பது -25. கழித்தலுக்குத் தனி விதியே வேண்டாம்!

பத்து நிலை கொண்ட சக்கரங்களுக்கு உலோகத்தில் நுணுக்கமான வேலை தேவை. மூன்று நிலைக்கு மரமே போதும். ஆனால் இடங்கள் அதிகமாகும், அதனால் இயந்திரம் பெரிதாகிவிட்டது: நீளம் சுமார் 6 அடி.

பூட்டி வைத்த யோசனை

1840-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இயந்திரம் காட்சிக்கு வந்தது. பாபேஜ், டி மார்கன், அரச வானியலாளர் ஏரி எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் ஃபவுலர் வரைபடத்தை வெளியிடவில்லை. காரணம் உண்டு. வெந்நீரால் அறையைச் சூடாக்கும் அவருடைய முந்தைய கண்டுபிடிப்பை, காப்புரிமை இருந்தும், மற்றவர்கள் நகலெடுத்துவிட்டார்கள்.

1843-ல் அவர் இறந்தார். இயந்திரமும் காணாமல் போனது. மிஞ்சியவை டி மார்கன் எழுதிய சிறு விவரணையும், ஊர்த் தேவாலயத்தின் ஒரு கண்ணாடி ஓவியமும்தான். பின்னாளில் மாதிரி இயந்திரம் செய்தவர்கள் இவற்றை வைத்துத்தான் செய்தார்கள்.

115 ஆண்டுகள் கழித்து, 1958-ல், மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் புருசென்த்சோவ் குழு 'செதுன்' என்ற கணினியை உருவாக்கியது. அதிலும் இதே மூன்று நிலைதான். ஏறக்குறைய 50 கணினிகள் தயாராயின.

திருட்டுக்குப் பயந்தவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வரைபடம் மட்டும் அன்றே அச்சேறியிருந்தால்?