அனுப்பியாச்சு, சேர்ந்ததா?



ஒவ்வொரு டிசம்பர் 26ஆம் திகதியும் காலை 9.25 முதல் 9.27 வரை நாடே மௌனமாக நிற்கிறது. 2004இல் எனக்குப் பதினொரு வயது. 1990இல் தண்ணீரூற்றிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் குடும்பம் அப்போது புத்தளத்தில் ஒரு முகாமில் இருந்தது. வாப்பா இரண்டு நாளாக றேடியோவை விட்டு எழும்பவில்லை. முல்லைத்தீவுக் கரையில் அவருக்குப் பழைய கூட்டாளிமார் இருந்தார்கள். அவர்களில் சிலர் இல்லை என்பது பல நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அன்றைக்கு எச்சரிக்கை ஏன் வரவில்லை? அந்த வரலாற்றைச் சுருக்கமாக எழுதுகிறேன். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் கவனமாக வாசியுங்கள்.

சுமாத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கியபோது, அப்போதைய எங்கள் நேரப்படி காலை 6.58. ஹவாயில் உள்ள பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் 7.14இற்கே முதல் அறிக்கையை அனுப்பிவிட்டது. நில நடுக்கத்தின் அளவை 8.0 என்று கணித்து, பசுபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்றார்கள். 8.04இற்கு வந்த இரண்டாவது அறிக்கை அளவை 8.5 ஆக உயர்த்தி, நடுக்கம் நிகழ்ந்த இடத்தின் அருகே சுனாமி வரலாம் என்றது. உண்மையான அளவு 9.1. எங்கள் கிழக்குக் கரைக்கு அலை வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுத்தது.

அதாவது நேரம் இருந்தது, செய்தியும் பிறந்திருந்தது. ஆனால் இந்து சமுத்திர நாடுகளுக்கென்று அப்படியொரு எச்சரிக்கை அமைப்பே அன்று இல்லை. செய்தியைப் பெற்று, உடனே கரைக்குக் கடத்தும் பொறுப்பில் எவரும் இருக்கவில்லை.

அதே காலையில் புதுச்சேரியின் நல்லவாடு என்ற மீனவக் கிராமத்தில் வேறொன்று நடந்தது. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தி கேட்டு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையத்தை அமைத்திருந்தது. அந்த மையத்தின் ஒலிபெருக்கியில் ஊரார் அறிவித்தார்கள். வீடுகளும் வள்ளங்களும் போயின, சனம் தப்பியது. ஒரு தொலைபேசி, அதை எடுக்க ஓர் ஆள், ஊர் முழுவதும் கேட்கும் ஒரு குரல். அவ்வளவுதான்.

இப்போது கணினிக்கு வருவோம். வங்கி, மின்சாரசபை, வைத்தியசாலை எல்லாவற்றிலும் ஒரு கணினி இன்னொன்றுக்கு 'இப்படி ஒன்று நடந்தது' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. கேட்கும் கணினி அந்த நேரம் நின்றுபோயிருந்தால்? அதற்காக நடுவில் ஒரு தபால் கந்தோர் போல வைப்பதுதான் மெசேஜ் கியூ, செய்தி வரிசை. ஐபிஎம் நிறுவனம் 1993இல் எம்கியூ சீரிஸ் என்ற மென்பொருளை வெளியிட்டது. 2007இல் ராபிட் எம்கியூ வந்தது. லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவான காஃப்கா 2011இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதை உருவாக்கிய மூவரில் ஒருவர் பூனாவில் பிறந்த நேஹா நார்கடே.

இவற்றை நம்பகமாக அமைப்பதற்கு நான்கு பழக்கங்கள் உண்டு.

ஒன்று, பெற்றவர் 'கிடைத்தது' என்று சொல்லும்வரை செய்தியை அழிப்பதில்லை. மின்சாரம் போனாலும் அழியாதபடி எழுதி வைப்பார்கள்.

இரண்டு, பதில் வராவிட்டால் திரும்ப அனுப்புவார்கள். செய்தி சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால் அதே செய்தி இரண்டு தரம் போய்ச் சேரும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். அதே இலக்கம் மீண்டும் வந்தால் வேலை மறுபடி நடக்காது. நீங்கள் காசு அனுப்பும் பொத்தானை பதற்றத்தில் இரண்டு முறை அமத்தினாலும் ஒரு தரம் மட்டுமே கழிய வேண்டும் என்றால் இந்த ஏற்பாடு வேண்டும்.

மூன்று, எவ்வளவு முயன்றும் சேராதவற்றைத் தனி வரிசையில் ஒதுக்கி, மனிதர் ஒருவரிடம் பார்க்கக் கொடுப்பார்கள். அதன் பெயரே டெட் லெட்டர் கியூ, விலாசம் கிடைக்காத கடிதங்களுக்குத் தபால் கந்தோர்க்காரர் வைத்த பெயர்.

நான்கு, ஒரே பாதையை நம்பியிருப்பதில்லை.

2004இல் இந்த நான்கில் ஒன்றுகூட எங்கள் கரைக்கு இருக்கவில்லை. பிறகு எங்கள் நாட்டில் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. 2011இலிருந்து இந்தியா, அவுஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் இந்து சமுத்திரத்துக்கான அறிவித்தல்களை அனுப்புகின்றன. 2012 ஏப்ரல் 11இல் 8.6 அளவில் நில நடுக்கம் வந்தபோது கரையோர மக்கள் நேரத்துக்கே வெளியேறினார்கள். பெரிய அலை வரவில்லை. செய்தி வந்தது.

துணுக்காய்க்குக் கடல் தூரம். ஆனால் மாரியில் வவுனிக்குளம் வான் பாயும்போது எங்களுக்கும் செய்தி தேவை. வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு 'அனுப்பியாச்சு' என்று இருந்துவிடுகிறோம். நீலக் குறி விழுந்தால் தொலைபேசி பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். பாடசாலையில் சுற்றறிக்கைக்கு ஆசிரியர்கள் எல்லோரிடமும் கையொப்பம் வாங்குகிறோம். ஒருவர் லீவு என்றால் மறுநாளும் புத்தகம் அவரிடம் போகிறது. அந்தப் பழக்கத்தை ஊருக்கும் கொண்டுவரலாம்.

உங்கள் ஒழுங்கையில் கைத்தொலைபேசி இல்லாத வீடு எது? காது கேளாத அப்பம்மா எந்த வீட்டில்? அந்தக் கதவைத் தட்டப்போகும் ஆள் யார்? பள்ளிவாசல், கோயில், தேவாலய ஒலிபெருக்கிகளை யார் திறப்பார்? கீழே எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், மழைக்கு முதல் ஒரு பட்டியல் போட்டுவிடுவோம்.