வேர்ட்பிரஸ் சைல்டு தீம்

வேர்ட்பிரஸ் தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமின் மூலக் கோப்புகளில் கைவைக்காமல், வேண்டிய மாற்றங்களை மட்டும் தனியாக எழுதி வைக்கும் துணைத் தீமே சைல்டு தீம். அது சார்ந்திருக்கும் தீமுக்குப் பேரன்ட் தீம் என்று பெயர். பேரன்ட் தீமுக்குப் புதுப்பிப்பு வரும்போது வேர்ட்பிரஸ் பழைய கோப்புறையை அப்படியே அகற்றிவிட்டுப் புதியதை வைக்கிறது. அதற்குள் நேரடியாகச் செய்திருந்த திருத்தங்கள் அத்தனையும் அப்போதே போய்விடும். இதற்கு அஞ்சிப் புதுப்பிக்காமல் விடுவது இன்னும் கெடுதல். பாதுகாப்புத் திருத்தங்களும் தளத்துக்கு வந்து சேராது. சைல்டு தீம் வேறு கோப்புறையில் இருப்பதால் புதுப்பிப்பு அதைத் தொடுவதில்லை.

சைல்டு தீமில் எழும் கோளாறுகள் பல வடிவில் வந்தாலும், பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றுதான்: எந்தக் கோப்பு முதலில் படிக்கப்படுகிறது, எது எதை வெல்கிறது என்ற வரிசை. டெம்ப்ளேட்டுகளுக்கு ஒரு விதி, பிஎச்பி ஃபங்ஷன்களுக்கு வேறொரு விதி, சிஎஸ்எஸ்ஸுக்கு மூன்றாவது விதி. மூன்றையும் ஒரே விதியாக எண்ணிக்கொள்பவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

தோற்றமும் அடிப்படை அமைப்பும்

மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் 2003 மே மாதம் வெளியிட்ட வேர்ட்பிரஸுக்கு, 2005 பிப்ரவரியில் வந்த 1.5 பதிப்பில்தான் தீம் என்ற அமைப்பு சேர்ந்தது. ஒரு தீம் இன்னொன்றின் டெம்ப்ளேட் கோப்புகளைத் தன் கோப்புகளால் மாற்றியமைக்கும் வசதி 2008 டிசம்பரில் வந்த 2.7 பதிப்பில் கிடைத்தது. இன்றைய சைல்டு தீம் முறை அங்கிருந்து தொடங்குகிறது. வேர்ட்பிரஸும் அதன் தீம் அடைவில் உள்ள தீம்களும் ஜிபிஎல் உரிமத்தில் வருவதால், பிறர் எழுதிய தீமின்மேல் இப்படிக் கட்டியெழுப்ப யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சைல்டு தீமுக்குக் கட்டாயமாக வேண்டியது ஸ்டைல்.சிஎஸ்எஸ் என்ற ஒரே கோப்பு. அதன் தலைப்புக் குறிப்பில் 'டெம்ப்ளேட்' என்று தொடங்கும் வரிதான் பேரன்ட் தீம் எது என்று சொல்கிறது. அங்கே எழுத வேண்டியது தீமின் பெயரை அல்ல, கோப்புறையின் பெயரை. ட்வென்டி ட்வென்டி-ஒன் தீமின் கோப்புறைப் பெயர் இடைவெளியும் சிறுகோடும் இல்லாமல், முழுவதும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருக்கிறது. லினக்ஸ் சர்வர் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகக் கருதும் என்பதால், ஓரெழுத்து மாறினாலும் பேரன்ட் தீமைக் காணவில்லை என்ற அறிவிப்புதான் வரும். சைல்டு தீமுக்கு மேலும் ஒரு சைல்டு தீம் வைக்க வேர்ட்பிரஸில் இடமில்லை.

டெம்ப்ளேட் தேடல்

பக்கத்தை உருவாக்கும்போது வேர்ட்பிரஸ் ஒரு பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகத் தேடுகிறது. ஒவ்வொரு பெயருக்கும் முதலில் சைல்டு தீமில் பார்க்கிறது. இல்லையென்றால் பேரன்ட் தீமில் பார்க்கிறது. அங்கும் இல்லையென்றால்தான் அடுத்த பெயருக்குப் போகிறது. தனிப் பதிவு ஒன்றுக்கு, சிங்கிள்-போஸ்ட்.பிஎச்பி என்ற பெயர் சிங்கிள்.பிஎச்பிக்கு முன்னால் வரும். ஆகவே பேரன்ட் தீமில் சிங்கிள்-போஸ்ட்.பிஎச்பி இருந்து, நாம் சைல்டு தீமில் சிங்கிள்.பிஎச்பியை மட்டும் வைத்தால், பேரன்டின் கோப்பே வெல்லும். "சைல்டு தீமில் கோப்பு இருக்கிறது, ஆனாலும் மாற்றம் தெரியவில்லை" என்ற புகாருக்கு இது முக்கியமான காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. பேரன்ட் தீம் தன் துணைக் கோப்புகளை 'கெட் டெம்ப்ளேட் பார்ட்' வழியாக அழைத்தால் சைல்டு தீமின் கோப்பு குறுக்கே வர முடியும். பேரன்ட் கோப்புறையின் பாதையை நேரடியாகக் குறித்து 'ரிக்வயர்' மூலம் அழைத்தால் முடியாது. அதே பெயரில் நாம் வைக்கும் நகலை வேர்ட்பிரஸ் படிக்கவே படிக்காது. நல்ல பேரன்ட் தீமைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர் முன்னோட்டப் படத்தைவிட இந்த அழைப்பு முறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பு 'கெட் தீம் ஃபைல் பாத்' என்ற ஃபங்ஷனைத் தந்தது. அது முதலில் சைல்டு தீமிலும் பிறகு பேரன்டிலும் தேடுகிறது. அதைப் பயன்படுத்தும் தீம்கள் சைல்டு தீமுக்கு இணக்கமானவை.

ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி

டெம்ப்ளேட்டில் சைல்டின் கோப்பு பேரன்டின் கோப்புக்கு மாற்றாக நிற்கிறது. ஃபங்ஷன்ஸ்.பிஎச்பியில் அப்படி இல்லை. இரண்டு கோப்புகளும் படிக்கப்படுகின்றன, சைல்டுடையது முதலில். பேரன்டின் ஃபங்ஷன்ஸ்.பிஎச்பியை முழுதாக நகலெடுத்துச் சைல்டில் ஒட்டினால், ஒரே ஃபங்ஷன் இரண்டாம் முறை வரையறுக்கப்படுகிறது என்று பிஎச்பி நின்றுவிடும். தளம் விழுந்துவிடும். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபங்ஷன் உண்டா என்று பேரன்ட் தீம் முன்கூட்டியே சோதித்துவிட்டு வரையறுத்திருந்தால் மட்டுமே, அதே பெயரில் நம்முடையதை எழுதி அதன் இடத்தைப் பிடிக்கலாம்.

குறிப்பிட்ட கட்டத்தில் ஓட வேண்டிய ஃபங்ஷன்களை மாட்டும் இடம்தான் ஹூக். பேரன்ட் ஒரு ஹூக்கில் மாட்டிய ஃபங்ஷனைக் கழற்றுவதிலும் இந்த வரிசைதான் சிக்கலைக் கொண்டுவருகிறது. 'ரிமூவ் ஆக்‌ஷன்' வரியைச் சைல்டின் கோப்பில் வெறுமனே எழுதினால், அது ஓடும் நேரத்தில் பேரன்ட் எதையும் இன்னும் மாட்டியிருக்காது. கழற்ற எதுவும் இருக்காது. பிழைச் செய்தியும் வராது என்பதால் காரணம் எளிதில் பிடிபடாது. 'ஆஃப்டர் செட்டப் தீம்' போன்ற பிந்தைய ஹூக் ஒன்றில் அந்த வரியை வைக்க வேண்டும். பேரன்ட் மாட்டியபோது கொடுத்த முன்னுரிமை எண்ணையும் மாற்றாமல் கொடுக்க வேண்டும். பேரன்ட் 20 என்று கொடுத்திருக்க நாம் எண்ணே தராமல் விட்டால், இயல்பான 10 என்று கொள்ளப்பட்டு முயற்சி வீணாகும்.

தீமின் கோப்புறைப் பாதையைக் குறிக்கும் ஃபங்ஷன்கள் இரண்டு. 'கெட் டெம்ப்ளேட் டைரக்டரி' எப்போதும் பேரன்டையே சுட்டும். 'கெட் ஸ்டைல்ஷீட் டைரக்டரி' இயக்கத்தில் இருக்கும் தீமை, அதாவது சைல்டைச் சுட்டும். படமோ ஸ்கிரிப்டோ கிடைக்கவில்லை என்று 404 வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டில் எது எழுதப்பட்டிருக்கிறது என்பதை.

சிஎஸ்எஸ் ஏற்றுதல்

சைல்டு தீமில் மிகுதியான நேரத்தை விழுங்குவது இந்தப் பகுதி. பழைய வழிகாட்டிகள் சைல்டின் ஸ்டைல்.சிஎஸ்எஸ்ஸின் முதல் வரியில் 'இம்போர்ட்' கட்டளையால் பேரன்டின் ஸ்டைலை இழுத்துக்கொள்ளச் சொன்னன. பிரவுசர் முதல் கோப்பைப் படித்த பிறகே இரண்டாவதைத் தேடிப் போகும் என்பதால் பக்கம் தாமதமாகும். அந்த முறை கைவிடப்பட்டது. இப்போது 'டபிள்யூபி என்கியூ ஸ்கிரிப்ட்ஸ்' ஹூக்கில் 'டபிள்யூபி என்கியூ ஸ்டைல்' ஃபங்ஷன் மூலம் ஏற்றுகிறார்கள்.

ஆனால் எதை ஏற்றுவது என்பது பேரன்டைப் பொறுத்தது. ட்வென்டி ட்வென்டி தீம் இயக்கத்தில் இருக்கும் தீமின் ஸ்டைலை ஏற்றுகிறது. சைல்டை இயக்கினால் சைல்டின் ஸ்டைல் தானாக வந்துவிடும். பேரன்டின் ஸ்டைல் வராது. தளம் திடீரென அலங்காரம் எல்லாம் இழந்து நிற்கும். அங்கே நாம் ஏற்ற வேண்டியது பேரன்டின் ஸ்டைலை. ட்வென்டி ட்வென்டி-ஒன் தீமோ பேரன்டின் பாதையையே குறிப்பிட்டு ஏற்றுகிறது. அங்கே பேரன்டின் ஸ்டைல் தானாக வரும். நாம் ஏற்ற வேண்டியது சைல்டினுடையதை. எல்லாத் தீம்களுக்கும் பொருந்தும் என்று ஒரே நிரல்துண்டை நகலெடுத்து ஒட்டுவதால்தான் சில தளங்களில் ஒரே சிஎஸ்எஸ் இரண்டு முறை ஏறுகிறது, சில தளங்களில் ஒன்றுமே ஏறுவதில்லை. பேரன்டின் ஃபங்ஷன்ஸ்.பிஎச்பியைத் திறந்து ஸ்டைலை ஏற்றும் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டால் இந்த ஊகமெல்லாம் தேவைப்படாது.

அந்த வரியிலேயே ஸ்டைலுக்குப் பேரன்ட் வைத்த பெயரும் இருக்கும். சைல்டின் ஸ்டைல் அந்தப் பெயரைச் சார்ந்தது என்று குறிப்பிட்டால், பேரன்டுக்குப் பிறகே அது அச்சாகும். குறிப்பிடாவிட்டால், சைல்டின் ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி முந்திப் படிக்கப்படுவதால் அதன் ஸ்டைலும் முந்தி வந்து, பின்னால் வரும் பேரன்டிடம் தோற்கும். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால், சார்ந்திருக்கும் ஸ்டைல் கிடைக்காததால் சைல்டின் ஸ்டைல் பக்கத்தில் தோன்றவே தோன்றாது.

ஸ்டைல் சரியான வரிசையில் ஏறிய பிறகும் மாற்றம் தெரியாவிட்டால், பிரவுசரின் இன்ஸ்பெக்டரைத் திறந்து அந்த உறுப்பைச் சொடுக்கிப் பார்க்க வேண்டும். நமது விதி அங்கே குறுக்குக் கோடிட்டு இருந்தால் அது ஏறியிருக்கிறது, ஆனால் வேறொரு விதியிடம் தோற்றிருக்கிறது. விதியே இல்லையென்றால் கோப்பு ஏறவில்லை, அல்லது பழைய நகல் கேஷிலிருந்து வருகிறது. தோற்றதற்குக் காரணம் பெரும்பாலும் செலக்டரின் எடை: ஐடி கிளாஸை வெல்லும், கிளாஸ் வெறும் டேகை வெல்லும். பேரன்ட் ஒரு கிளாஸுக்குள் இருக்கும் பத்தியைக் குறித்து எழுதியிருக்க, நாம் பத்தி என்று மட்டும் எழுதினால் கடைசியில் வந்தும் பயனில்லை. பேரன்டின் செலக்டரையே எடுத்து எழுதுவது போதும். எடுத்ததற்கெல்லாம் 'இம்பார்ட்டன்ட்' போடுவது, அடுத்த மாற்றத்துக்கு இன்னொரு 'இம்பார்ட்டன்ட்' தேட வைக்கும். ட்வென்டி ட்வென்டி-ஒன் போல நிறங்களையும் எழுத்தளவையும் சிஎஸ்எஸ் மாறிகளில் வைத்திருக்கும் தீம்களில், மாறியின் மதிப்பை ஓரிடத்தில் மாற்றினால் தளம் முழுவதும் மாறும். அதுவே சுத்தமான வழி.

கேஷ் சிக்கலுக்கு, ஸ்டைலை ஏற்றும்போது பதிப்பு எண்ணாகக் கோப்பு மாறிய நேரத்தைக் கொடுப்பது எளிய தீர்வு. கேஷ் பிளகினும் சிடிஎன்னும் இருந்தால் அவற்றையும் தனியே காலி செய்ய வேண்டும்.

தமிழ்த் தளங்களில் சைல்டு தீமின் முதல் வேலை பெரும்பாலும் எழுத்துரு. லத்தீன் எழுத்துகளை மட்டும் கொண்ட எழுத்துருவைத் தீம் தந்தால், தமிழ் எழுத்துகள் விண்டோஸில் நிர்மலா யூஐ, ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று கருவிக்குக் கருவி வேறாகத் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரன் போன்ற ஒன்றைச் சைல்டு தீமில் ஏற்றி, எழுத்துருப் பட்டியலில் சேர்க்கலாம். தலைப்புகளுக்கு லத்தீன் எழுத்தை எண்ணி வைத்த வரி உயரம் தமிழுக்குப் போதாது. மேல்விலங்கும் கீழ் வளைவும் அடுத்த வரியில் இடிக்கும். தலைப்பு எழுத்துகளை நெருக்கும் லெட்டர்-ஸ்பேசிங் இருந்தால் அதைச் சுழியாக்க வேண்டும்.

அமைப்புகள் மறைதல்

சைல்டு தீமை இயக்கியதும் லோகோ, நிறம் போன்றவை காணாமல் போனதாகத் தோன்றும். கஸ்டமைசரின் தேர்வுகள் டேட்டாபேஸில் தீமின் கோப்புறைப் பெயரோடு சேர்த்துச் சேமிக்கப்படுவதே காரணம். அவை அழிவதில்லை, பேரன்டுக்குத் திரும்பினால் திரும்ப வரும். கூடுதல் சிஎஸ்எஸ் பெட்டியில் எழுதியதும் இப்படியே தீமுக்குத் தீம் தனி. சைல்டின் கோப்புறைக்குப் பெயர் மாற்றினாலும் இதேதான் நடக்கும் என்பதால், பெயரைத் தொடக்கத்திலேயே முடிவு செய்வது நல்லது.

தளம் விழுந்தால்

2019 மே மாதம் வந்த 5.2 பதிப்பிலிருந்து, தீமில் கடும் பிழை நேர்ந்தால் வேர்ட்பிரஸ் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு மீட்பு இணைப்பு ஒன்றை அனுப்ப முயல்கிறது. அஞ்சல் வராவிட்டால் எஃப்டிபி வழியாகச் சைல்டின் கோப்புறைப் பெயரைத் தற்காலிகமாக மாற்றி, நிர்வாகப் பகுதியில் தீம்கள் பக்கத்தைத் திறந்தால், இயல்புத் தீம் நிறுவப்பட்டிருக்கும் பட்சத்தில் தளம் அதற்கு மாறும். காரணத்தை அறிய, டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் டிபக்கையும் பதிவேட்டையும் இயக்கி, திரையில் காட்டுவதை மட்டும் நிறுத்த வேண்டும். டபிள்யூபி-கன்டென்ட் கோப்புறையில் டிபக்.லாக் என்ற கோப்பில் பிழையின் வரி எண்ணோடு விவரம் விழும்.

பிளாக் தீம்கள்

2022 ஜனவரியில் 5.9 பதிப்போடு வந்த ட்வென்டி ட்வென்டி-டூ முதல் இயல்புத் தீம்கள், பக்க அமைப்பு முழுவதையும் பிளாக்குகளால் கட்டும் பிளாக் தீம்களாக வருகின்றன. இவற்றில் நிறம், எழுத்துரு, அகலம் எல்லாம் தீம்.ஜேசான் கோப்பில் இருக்கும். சைல்டின் தீம்.ஜேசான் பேரன்டினதோடு இணைக்கப்படும். ஆனால் நிறப் பட்டியல் இணையாது, முழுதாக மாற்றப்படும். ஒரு நிறத்தைச் சேர்க்க நினைத்தாலும் பேரன்டின் மற்ற நிறங்களையும் சேர்த்து எழுத வேண்டும்.

இங்கே வரிசையில் மூன்றாவதாக ஒன்று சேர்கிறது. சைட் எடிட்டரில் செய்த மாற்றங்கள் டேட்டாபேஸில் தங்கி, சைல்டு, பேரன்ட் இரண்டின் கோப்புகளையும் வெல்லும். கோப்பைத் திருத்தியும் பக்கம் அசையாமல் இருந்தால், அந்த டெம்ப்ளேட்டை எடிட்டரில் திறந்து, செய்த மாற்றங்களை நீக்கி மீட்டமைக்க வேண்டும். அந்த மாற்றங்களை இழக்க விரும்பாதவர்கள் கிரியேட் பிளாக் தீம் என்ற பிளகினைப் பயன்படுத்தி அவற்றைத் தீம் கோப்புகளிலேயே எழுதிக்கொள்ளலாம். புதிய சைல்டு தீம் ஒன்றையும் அதிலிருந்தே உருவாக்கலாம்.