எது கணிப்பொறி? மதர்போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் - சில வரலாற்றுக் குறிப்புகள்

திருவண்ணாமலை தேரடித் தெருப் பக்கம், ஒரு மாடியறையில் டி.டி.பி. கடை இருந்தது. தீபத் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, எங்கள் சிற்றிதழ் எல்லாமே ஒரே கணிப்பொறியில்தான் உருவாயின. 2005 வாக்கில் அது செத்துப்போனது. மூடியைக் கழற்றிய மெக்கானிக், பலகைமேல் உப்பிப்போய் நின்ற சின்னச் சின்ன உருளைகளைக் காட்டினார். "கெபாசிட்டர் போயிடுச்சி சார். போர்டத்தான் மாத்தணும். டிஸ்க் நல்லாதான் இருக்குது, அப்படியே வெச்சிக்கலாம்." அந்த ஆண்டுகளில் உலகெங்கும் ஏராளமான மதர்போர்டுகள் இப்படித்தான் உப்பிச் செத்தன. கெபாசிட்டருக்குள் ஊற்றிய திரவத்தின் தரக்கேடு காரணம்.

'அப்படியே வெச்சிக்கலாம்' என்பது எப்போதும் சாத்தியமாக இருந்ததில்லை. 1984-இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. காலத்தில் டிஸ்க்கை இயக்கும் மூளை தனி அட்டையாகப் பலகையில் செருகப்பட்டிருந்தது. ஓர் அட்டை எழுதியதை வேறொன்று படிக்காமல் போவது சகஜம். 1986-இல் காம்பாக் கணிப்பொறிகளில் ஐ.டி.இ. முறை வந்தபோது அந்த மூளை டிஸ்க்குக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. செலவையும் இடத்தையும் மிச்சம் பிடிக்கச் செய்த காரியம், நம் விடுதலைக்காகச் செய்ததல்ல. ஆனால் அதன்பின் நினைவு பலகையின் அடிமையாக இருக்க வேண்டியதில்லை என்றாயிற்று.

விண்டோஸ் 95, 98 வரை நிலைமை சுமாராகவே இருந்தது. பழைய டிஸ்க்கைப் புதுப் பலகையில் மாட்டினால் முனகும், சி.டி. கேட்கும், நாலு தடவை அணைந்து எழும், கடைசியில் வேலை செய்யும். 2001-இல் வந்த எக்ஸ்.பி.யோடு கதை மாறியது. பழைய பலகையின் டிரைவரையே நம்பியிருந்த டிஸ்க் நீலத்திரையில் நின்றுவிடும். எங்களுக்கும் அதுதான் நடந்தது. மெக்கானிக் அரை நாள் உட்கார்ந்து அதன்மேலேயே விண்டோஸை மறுபடி நிறுவி எழுப்பினார். இது தொழில்நுட்பச் சிக்கல், போகட்டும். இன்னொன்று சட்டச் சிக்கல். எக்ஸ்.பி. பத்து உறுப்புகளை அடையாளம் எடுத்துவைத்துக்கொண்டு, மாற்றம் அதிகமானால் மறுபடி பதிவு செய்யச் சொன்னது. கணிப்பொறியோடு சேர்த்து விற்ற விண்டோஸ் உரிமத்தில் மதர்போர்டு மாறினால் அது வேறு கணிப்பொறி, உரிமம் முடிந்தது. பழுதான பலகையை அதன் தயாரிப்பாளரே மாற்றித் தந்தால் மட்டும் விலக்கு.

இந்த வரையறையைத்தான் நாம் கவனமாக வாசிக்க வேண்டும். எங்களுக்குக் கணிப்பொறி என்பது அந்த டிஸ்க். இதழ்களின் கோப்புகள், திருத்தங்கள், வராமல் போன கட்டுரைகள் அதில் இருந்தன. கம்பெனிக்கோ, ஒரு வரியையும் நினைவில் வைத்திராத பலகைதான் கணிப்பொறி. (அதற்குத் 'தாய்' என்று பெயர் வைத்த ஆண்மனம் தனிக் கட்டுரைக்குரியது.) காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் நம்மூர்க் கடைகளில் அபூர்வம் என்பதால் பூட்டு யாரைக் கட்டியது? நேர்மையாக வாங்கியவரை. லினக்ஸில் இந்தக் கேள்வியே எழவில்லை. ஒவ்வொரு முறை எழும்போதும் எந்தப் பலகையில் இருக்கிறோம் என்று அது சுற்றிப் பார்த்துக்கொள்கிறது, அநேகமாக அதோடு சரி.

டிஸ்க் பிழைத்தாலும் தமிழ் பிழைக்கும் என்று சொல்வதற்கில்லை. சில தமிழ் அச்சுக்கோப்பு மென்பொருள்கள், கணிப்பொறியின் பின்புறத் துளையில் செருகும் ஒரு பூட்டோடு வந்தன. பிந்திய பலகைகளில் அந்தத் துளையே இல்லை. பூட்டு இல்லாவிட்டால் மென்பொருள் இல்லை. அதன் எழுத்துரு இல்லாவிட்டால் கோப்பில் இருப்பது வெறும் கிறுக்கல். தாம், தாப் தரங்கள் 1999-இல் வந்தன, தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல். அதற்குள் எத்தனை இதழ்களின் கோப்புகள் இப்படிக் கிறுக்கலாயினவோ.

கட்டடத்தை மாற்றி நினைவைக் காப்பது கோயிலூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்து மூர்த்தியின் சக்தியை வேறிடத்தில் வைப்பார்கள். எனக்கு அருளைவிட ஆவணத்தில்தான் அக்கறை. கொள்ளிடக் கரைத் திருமழபாடியில் விமானத்தைப் பிரித்துக் கட்டச் சொன்ன ராசராசன், அதற்குமுன் சுவர்க் கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். ராசேந்திரன் காலத்தில் அவை புதுச் சுவரில் திரும்ப வெட்டப்பட்டன. யாருக்கு எந்த நிலம், எந்த வரி என்ற கணக்கல்லவா அது! அரசனுக்கு அதில் ஆதாயம் இருந்தது, ஆகவே காப்பாற்றினான். நம் காலத்துத் திருப்பணிகளில் எத்தனையோ கோயில்களில் மணல்வீச்சு எழுத்தைத் தேய்த்துவிட்டது.

2021-இல் வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத கணிப்பொறியை ஏற்பதில்லை. அது பலகையிலோ பிராசசருக்குள்ளோ இருக்கிறது. 2024-இன் பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாப்ட் கணக்கோடு நுழைந்தால், பெரும்பாலான கணிப்பொறிகளில் டிஸ்க் தானாகப் பூட்டப்படுகிறது. சாவி அந்தச் சில்லின் பொறுப்பில். இதில் நன்மை இல்லாமலில்லை. சோதனை என்று வந்து டிஸ்க்கை அள்ளிக்கொண்டு போகும் அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. பூட்டிய டிஸ்க் அவ்வளவு சுலபமாக வாய் திறக்காது. ஆனால் மாற்றுச் சாவியின் பிரதி கம்பெனியின் கணக்கில் இருக்கிறது. நீதிமன்ற ஆணையோடு போய்க் கேட்பவருக்கு அங்கே கதவு உண்டு. பலகையோடு சேர்த்துச் சேமிப்பையும் பற்றவைத்த மடிக்கணினிகளிலோ கழற்ற டிஸ்க்கே இல்லை.

போன மாதம் என் கணிப்பொறியின் பலகை போயிற்று. மெக்கானிக் இப்போது வேறு ஆள், இளைஞர். டிஸ்க்கை வெச்சிக்கலாமா என்றேன். "வெச்சிக்கலாம் சார். அந்த நாப்பத்தெட்டு நம்பர் எழுதி வெச்சிருக்கீங்களா?" என்றார்.