ராத்திரியில் வடியும் பேட்டரி

காலையில் டிராக்டர் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் முதல் பழி பேட்டரி தலையில்தான் விழும். 'இறங்கிப் போச்சுங்க, மாத்திடலாம்' என்பார்கள். மாற்றுவீர்கள். பத்து நாள் ஒழுங்காக ஓடும். பதினோராம் நாள் காலை 'டிக்'கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புதுசும் படுத்துவிட்டது! டிரெய்லரில் ஏற்ற வேண்டிய செங்கல் அதற்குள் அடுத்தவர் வண்டியில் போயிருக்கும். பேட்டரிக்குக் கொடுத்த ஆயிரங்களோடு அன்றைய வாடகையும் போச்சு.

திருடன் பல நேரம் பேட்டரிக்குள் இருப்பதில்லை. ஒயரில் எங்கோ உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு நம்மூரில் அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு.

1840-ல் மெட்ராஸில் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய கம்பெனி சிம்சன். அது சேர்ந்த அமால்கமேஷன்ஸ் குழுமம் 1960-ல் மாஸி ஃபெர்குசனோடு கைகோத்து 'டாஃபே'யை ஆரம்பித்தது. செம்பியத்தில் டிராக்டர் பிறக்க ஆரம்பித்தது. அடுத்த வருஷமே, 1961-ல், சில கிலோமீட்டர் தள்ளிப் பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். உதயம். வண்டிகளுக்கு டைனமோ, செல்ஃப் மோட்டார் செய்கிற கம்பெனி. பிரிட்டிஷ் லூகாஸின் மின்சார சாஸ்திரம் அப்படியே இங்கே இறங்கியது. அதன் குணங்களும் கோளாறுகளும் கூடவே வந்தன.

டைனமோ ஒரு விசித்திரமான ஆசாமி. சுற்றினால் மின்சாரம் கொடுப்பார். மின்சாரம் கொடுத்தால் சுற்றப் பார்ப்பார்! இன்ஜினை நிறுத்தியதும் என்ன ஆகும்? இதுவரை டைனமோவிடம் வாங்கிக்கொண்டிருந்த பேட்டரி, இப்போது டைனமோவுக்குள் கொட்ட ஆரம்பிக்கும். ஃபேன் பெல்ட் பிடித்துக்கொண்டிருப்பதால் டைனமோ சுற்றவும் முடியாது. உள்ளே போகும் கரண்ட் முழுக்கச் சூடாக மாறி வீணாகும்.

இதைத் தடுக்க ஒரு கதவு வேண்டும். அதுதான் 'கட்-அவுட்'. (அண்ணா சாலையில் பாலாபிஷேகம் வாங்குகிற கட்-அவுட் வேறு!) ஒரு சின்ன காயில், ஒரு இரும்புத் தகடு, ஒரு ஸ்பிரிங், இரண்டு பாயின்ட்கள். டைனமோ சுமார் 13 வோல்ட் எழுப்பினால் காயில் தகட்டை இழுக்கும், பாயின்ட்கள் சேரும், பேட்டரி சார்ஜ் ஆகும். கரண்ட் திரும்பி ஓடப் பார்த்தால் காயிலின் பிடி தளரும், ஸ்பிரிங் தகட்டை விலக்கிவிடும். மாடுகள் உள்ளே வந்ததும் சாத்துகிற படல் மாதிரி.

இந்தச் சிக்கலை டிராக்டருக்கு முன்பே ரயில்வே சந்தித்துவிட்டது. அச்சில் பெல்ட் போட்டு டைனமோ சுற்றி, பெட்டிக்கு விளக்கு எரித்தார்கள். ஸ்டேஷனில் ரயில் நிற்கும்போது பேட்டரி திரும்ப வடியக்கூடாதே! அங்கேயும் இப்படி ஒரு காவலாளிதான் நின்றான்.

டிராக்டரில் இந்தக் காவலாளிக்குப் பிழைப்பு ரொம்பக் கஷ்டம். புழுதி, குலுக்கல், வெயில். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் பாயின்ட்களில் பொறி பறக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளம் விழும். ஒருநாள் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். படல் திறந்தே கிடக்கிறது! இதைக் கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் டைனமோவை விடியற்காலையில் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அவர்தான் குற்றவாளி.

1960-களில் ஆல்டர்னேட்டர் வந்தது. தகடும் ஸ்பிரிங்கும் போய், சிலிக்கான் டயோடு கதவானது. ஆடாது, தேயாது. ஆனால் சூட்டிலோ தப்பான இணைப்பிலோ அடிபட்டால் அதுவும் கசியும். பழைய பிரிட்டிஷ் டிராக்டர்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். டைனமோவைக் கழற்றி, நெகட்டிவ் எர்த்துக்கான ஆல்டர்னேட்டரை மாட்டிவிட்டு, பேட்டரி முனையை மாற்ற மறந்தால்? டயோடு நொடியில் காலி.

பொத்தேரிப் பக்கம் இன்னொரு சங்கதி. ஏரிப் பாசனத்தில் உழுத காலத்தில் இன்ஜின் ஒரே சீரான வேகத்தில் மணிக்கணக்காக ஓடும். பேட்டரிக்கு நல்ல சாப்பாடு. 1985-ல் எஸ்.ஆர்.எம். பொறியியல் கல்லூரி வந்தது. பக்கத்தில் மறைமலைநகர் தொழிற்பேட்டை வளர்ந்தது. வயல்கள் மனைகளாகின. உழவு குறைந்தது. டிராக்டர் தண்ணீர் டாங்கரும் செங்கல்லும் இழுக்கப் போயிற்று. இந்த வேலையில் நாலு தெரு ஓடுவது, நிறுத்துவது, மறுபடி செல்ஃப் அடிப்பது. ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் ஸ்லோவில் நிற்கும்போது பழைய டைனமோ சார்ஜே ஏற்றாது. வரவு குறைந்தது. செலவு? பாட்டு செட், கூடுதல் ஹாரன், டிரெய்லர் லைட் என்று ஏறிக்கொண்டே போகிறது. அவற்றில் பாதி, சாவியைத் தொடாமல் நேராகப் பேட்டரியில் கட்டிய ஒயர்.

இதில் சாவிக்கும் பங்குண்டு. பழைய டீசல் இன்ஜினை நிறுத்தச் சாவி தேவையில்லை, ஸ்டாப்பர் குமிழை இழுத்தால் போதும். இன்ஜின் நின்றுவிடும், சாவி 'ஆன்'லேயே கிடக்கும். யார் கவனிக்கிறார்கள்?

கணக்கு சுலபம். அரை ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி. 88 ஆம்பியர்-மணி பேட்டரியில் நாலே நாளில் பாதிக்கு மேல் காலி.

பிடிப்பது எப்படி? முதலில் பேட்டரியை முழுக்க சார்ஜ் ஏற்றி, தனியே ஒரு ராத்திரி வையுங்கள். ஒயரே இல்லாமல் 12.6 வோல்ட்டிலிருந்து நன்றாக இறங்கினால் குறை பேட்டரியில்தான். மேல்மூடியில் ஆசிட் ஈரமும் புழுதியும் படிந்திருந்தால் அதன் வழியேகூட கரண்ட் ஊரும். மூடிகளை இறுக்கிவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்துவிடலாம்.

பேட்டரி தேறிவிட்டதா? வண்டியில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எர்த் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே ஒரு டெஸ்ட் லாம்ப் வையுங்கள். பழைய டிராக்டரில் கடிகாரமும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. லாம்ப் எரியவே கூடாது. எரிந்தால் ஒவ்வொரு ஒயராகக் கழற்றுங்கள்: டைனமோ, லைட், ஹாரன், பாட்டு செட். எதைக் கழற்றியதும் அணைகிறதோ, அங்கேதான் ஆள். செல்ஃப் மோட்டாரின் தடித்த கேபிளை மறக்காதீர்கள். எண்ணெயும் சேறும் படிந்து, உறை உரசி, சேஸிஸைத் தொட்டுக்கொண்டிருக்கும். லாம்ப் மாட்டியபடி செல்ஃப் அடிக்க வேண்டாம். லாம்ப் மங்கலாக எரிந்தால் கசிவு கொஞ்சம்தான். எரியாத அளவு சின்னக் கசிவுக்கு மீட்டர் வேண்டும்.

ஒயரைத் தேடி முடிக்கிற வரைக்கும் எர்த் கேபிளில் ஒரு கட்-ஆஃப் ஸ்விட்ச் போட்டு, ராத்திரி திருப்பிவிடலாம். ஆல்டர்னேட்டர் வண்டியானால் இன்ஜின் நின்ற பிறகுதான் திருப்ப வேண்டும். ஓடும்போது கை வைத்தால் டயோடு போய்விடும்.