மெயிலில் வரிக்கு வரி தேவையில்லாத இடைவெளியா? பேக்ஸ்பேஸ் தட்டாமல் சரிசெய்வது எப்படி?

வேலைக்கு விண்ணப்பம் அனுப்பப் போறீங்க. கடிதத்தை வேர்டில் டைப் செய்து, அப்படியே காப்பி எடுத்து மெயிலில் ஒட்டியாச்சு. கீழே பெயர், படிப்பு, செல்போன் எண், ஊர் என்று 4 வரியில் ஒரு சிக்னேச்சர். உங்கள் கணினியில் எல்லாம் கச்சிதமாகத் தெரிகிறது. ஆனால் மெயிலைப் பெறும் அதிகாரி தன் செல்போனில் திறந்தால், ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு பெரிய இடைவெளி. 4 வரி சிக்னேச்சர் 8 வரி இடத்தைப் பிடித்து, பாதி திரையை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

சரி, அந்த இடைவெளியை அழிக்கலாம் என்று பேக்ஸ்பேஸ் தட்டினால் அது போகாது. பதிலாக, மேல் வரியும் கீழ் வரியும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். மறுபடி எண்டர் தட்டினால் மறுபடியும் அதே இடைவெளி!

இதற்குக் காரணம் ஒன்றுதான். நீங்கள் பார்ப்பது காலி வரி அல்ல, பத்திக்குக் கீழே விடப்பட்ட இடைவெளி. அதை அழிக்க முடியாது, அதன் அளவை மாற்றத்தான் முடியும். எப்படி என்று பார்ப்போம்.

எண்டர் தட்டினால் என்ன நடக்கிறது?

பழைய டைப்ரைட்டரில் ஒரு வரி முடிந்தால் அடுத்த வரிக்குப் போவோம், அவ்வளவுதான். வேர்ட் போன்ற மென்பொருள்களில் அப்படி இல்லை. எண்டர் தட்டினால் ‘ஒரு பத்தி முடிந்தது, அடுத்த பத்தி தொடங்குகிறது’ என்று அர்த்தம். பத்திக்கும் பத்திக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை மென்பொருளே தீர்மானித்து வைத்திருக்கும்.

பத்தியை முடிக்காமல் அடுத்த வரிக்கு மட்டும் போக வேண்டும் என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு எண்டர் தட்ட வேண்டும். பலருக்கும் தெரியாத இந்த ஒரு வித்தியாசத்தில்தான் முக்கால்வாசிப் பிரச்னை அடங்கியிருக்கிறது.

வேர்ட் 2003 வரை பத்திகளுக்கு நடுவே தானாக இடைவெளி வராது. வேர்ட் 2007-ல் அது மாறியது. வழக்கமான பத்திக்குக் கீழே 10 பாயிண்ட் இடைவெளி, வரிகளுக்கு நடுவே 1.15 மடங்கு உயரம் என்று வைத்தார்கள். வேர்ட் 2013-ல் அது 8 பாயிண்ட், 1.08 மடங்கு என்று குறைந்தது. 72 பாயிண்ட் சேர்ந்தால் ஒரு அங்குலம். கட்டுரை எழுத இந்த இடைவெளி வசதிதான். ஆனால் பெயரும் போன் நம்பரும் எழுதும் இடத்தில் அதுவே தொல்லையாகிறது.

காலி வரியா, பத்தி இடைவெளியா?

சரிசெய்வதற்கு முன்னால் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். இடைவெளிக்குக் கீழே உள்ள வரியில் கர்சரை வையுங்கள். இப்போது மேல்நோக்கிய அம்புக்குறி விசையை ஒருமுறை தட்டுங்கள்.

• கர்சர் இடைவெளிக்குள் போய் நின்றால், அது உண்மையான காலி வரி. பேக்ஸ்பேஸ் தட்டினாலே போய்விடும்.

• கர்சர் இடைவெளியைத் தாண்டி நேராக மேல் வரிக்குப் போனால், அது பத்தி இடைவெளி. பேக்ஸ்பேஸ் உதவாது.

செல்போனில் என்றால், இடைவெளி இருக்கும் இடத்தில் விரலால் தொட்டுப் பாருங்கள். கர்சர் அங்கே நின்றால் காலி வரி. மேலேயோ கீழேயோ உள்ள வரியில் போய் ஒட்டிக்கொண்டால் பத்தி இடைவெளி.

இணையதளத்தில் இருந்து காப்பி எடுத்தால் இரண்டில் எது வேண்டுமானாலும் வரலாம். பிடிஎஃப் கோப்பில் இருந்து எடுத்தால் பிரச்னை வேறு மாதிரி. அங்கே ஒவ்வொரு வரியின் முடிவும் தனி வரியாகவே வந்துவிடும். வாக்கியம் பாதியிலேயே உடைந்து நிற்கும். வரியின் கடைசியில் கர்சரை வைத்து ‘டெலீட்’ தட்டி, நடுவே ஒரு ஸ்பேஸ் விட்டு ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியதுதான்.

ஜிமெயிலில் என்ன செய்வது?

ஜிமெயிலில் நேரடியாக டைப் செய்தால் எண்டர் தட்டினாலும் இடைவெளி வராது. வெளியில் இருந்து ஒட்டும்போதுதான் சிக்கல். வேர்டில் இருந்த பத்தி இடைவெளியும் எழுத்துகளோடு சேர்ந்தே வந்துவிடும். அந்தப் பத்திக்குள் நின்று நீங்கள் புதிதாக எண்டர் தட்டினால், அடுத்த பத்திக்கும் அதே இடைவெளி தொடரும். வரி இடைவெளியை மாற்றத் தனி பட்டனும் ஜிமெயிலில் இல்லை. அதனால் ஒட்டும்போதே சுத்தமாக ஒட்டுவதுதான் நல்லது.

1. காப்பி எடுத்த பிறகு, கன்ட்ரோல் + வி என்பதற்குப் பதிலாக கன்ட்ரோல் + ஷிஃப்ட் + வி தட்டுங்கள். எழுத்துகள் மட்டும் வரும். எழுத்துரு, நிறம், இடைவெளி எதுவும் வராது. மேக் கணினி என்றால் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்.

2. ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்களா? அந்தப் பகுதியைத் தேர்வு செய்து, கருவிப்பட்டையில் ‘ரிமூவ் ஃபார்மேட்டிங்’ பட்டனை அழுத்துங்கள். டி என்ற ஆங்கில எழுத்தின் மேல் கோடு போட்டது போல இருக்கும்.

3. அதற்கும் மசியவில்லை என்றால், தேர்வு செய்த பகுதியை கன்ட்ரோல் + எக்ஸ் தட்டி வெட்டி எடுங்கள். அதே இடத்தில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + வி தட்டி ஒட்டுங்கள்.

இப்படிச் செய்தால் தடித்த எழுத்து, லிங்க் எல்லாம் போய்விடும். தேவையானதை மட்டும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

அவுட்லுக்கில் என்ன செய்வது?

கணினியில் நிறுவப்படும் பழைய அவுட்லுக், 2007-ம் ஆண்டுப் பதிப்பில் இருந்து மெயில் எழுதுவதற்கு வேர்டின் எடிட்டரையே பயன்படுத்துகிறது. வேர்டின் பத்தி விதிகள் எல்லாம் அங்கேயும் செல்லும் என்பதால், அளவை நேரடியாக மாற்ற முடியும்.

1. மெயில் எழுதும் இடத்தில் கன்ட்ரோல் + ஏ தட்டி எல்லாவற்றையும் தேர்வு செய்யுங்கள்.

2. மவுஸின் வலது பட்டனை அழுத்தி ‘பாராகிராஃப்’ என்பதைத் திறங்கள்.

3. ‘ஸ்பேஸிங்’ பகுதியில் ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ இரண்டையும் 0 ஆக்குங்கள். இணையதளத்தில் இருந்து ஒட்டியிருந்தால் அங்கே எண்ணுக்குப் பதில் ‘ஆட்டோ’ என்று இருக்கலாம். அதையும் 0 ஆக மாற்றுங்கள்.

4. ‘லைன் ஸ்பேஸிங்’ என்பதில் ‘சிங்கிள்’ தேர்வு செய்து ஓகே கொடுங்கள்.

ஒவ்வொரு மெயிலிலும் இதே தொல்லை என்றால், அதே பெட்டியில் கீழே உள்ள ‘செட் அஸ் டிஃபால்ட்’ பட்டனை அழுத்தினால் இனி எழுதும் மெயில்களுக்கும் இதே அளவு நிலைக்கும்.

புதிய அவுட்லுக்கிலும் பிரவுசரில் திறக்கும் அவுட்லுக்கிலும் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + வி முறையே எளிது.

சிக்னேச்சர்: ஒருமுறை சரிசெய்தால் போதும்

மெயிலின் உள்ளடக்கத்தில் தவறு நேர்ந்தால் அந்த ஒரு மெயிலோடு போச்சு. சிக்னேச்சர் அப்படி இல்லை. அனுப்பும் ஒவ்வொரு மெயிலிலும், பதிலுக்குப் பதிலாகவும் அது திரும்பத் திரும்பப் போகும். அதனால் இங்கே கொஞ்சம் கவனம் தேவை.

பழைய அவுட்லுக்கில் சிக்னேச்சர் எழுதும் சிறிய பெட்டியில் பத்தி இடைவெளியை மாற்றும் வசதி இல்லை. அதற்கு ஒரு சுற்றுவழி இருக்கிறது. புதிய மெயில் ஒன்றைத் திறந்து, சிக்னேச்சரை அங்கே டைப் செய்து, மேலே சொன்னபடி இடைவெளியை 0 ஆக்குங்கள். பிறகு அதைக் காப்பி எடுத்து சிக்னேச்சர் பெட்டியில் ஒட்டிச் சேமியுங்கள்.

ஆனால் எந்த மெயில் சேவையாக இருந்தாலும் உறுதியான வழி, சிக்னேச்சரைப் புதிதாக டைப் செய்வதுதான். பெயர் எழுதியதும் ஷிஃப்ட் + எண்டர். பதவி எழுதியதும் ஷிஃப்ட் + எண்டர். போன் நம்பர், ஊர் வரை அப்படியே. இப்போது 4 வரியும் சேர்ந்து ஒரே பத்தி. ஒரே பத்திக்குள் பத்தி இடைவெளி எங்கிருந்து வரும்?

ஜிமெயிலில் சிக்னேச்சரை மாற்ற, பல்சக்கரக் குறியை அழுத்தி ‘சீ ஆல் செட்டிங்ஸ்’ போங்கள். ‘ஜெனரல்’ பக்கத்தில் கீழே ‘சிக்னேச்சர்’ இருக்கும். மாற்றிய பிறகு பக்கத்தின் கடைசியில் உள்ள ‘சேவ் சேஞ்சஸ்’ அழுத்த மறக்காதீங்க. அழுத்தாவிட்டால் செய்தது எல்லாம் வீண்.

சிக்னேச்சருக்கு மேலே இரண்டு சிறு கோடுகள் வருவது பிழை அல்ல. கடிதம் எங்கே முடிகிறது, சிக்னேச்சர் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் பழைய இணைய மரபு அது. பதில் மெயில்களில் அது வேண்டாம் என்றால், சிக்னேச்சர் பெட்டிக்குக் கீழே அதை நீக்கும் டிக் பெட்டி இருக்கிறது.

செல்போனில் இருந்து அனுப்பினால்?

ஜிமெயில் செயலியில் சிக்னேச்சரைத் தனியாக அமைக்கலாம். ஆண்ட்ராய்டில் மூன்று கோடு மெனு, ‘செட்டிங்ஸ்’, உங்கள் கணக்கு, ‘மொபைல் சிக்னேச்சர்’ என்று போக வேண்டும். இது வெறும் எழுத்துகளை மட்டுமே ஏற்கும். அதனாலேயே இங்கே பத்தி இடைவெளித் தொல்லை இல்லை.

வேறு இடத்தில் காப்பி எடுத்ததை மெயிலில் ஒட்டும்போது, விரலை அழுத்திப் பிடித்தால் ஆண்ட்ராய்டில் ‘பேஸ்ட் அஸ் பிளெயின் டெக்ஸ்ட்’ என்ற வாய்ப்பு வரும். அதையே தேர்வு செய்யுங்கள். அந்த வாய்ப்பு வராத போன்களில், வாட்ஸ்அப்பில் மெசேஜ் டைப் செய்யும் பெட்டியில் முதலில் ஒட்டி, அனுப்பாமல் அங்கிருந்தே மறுபடி காப்பி எடுத்து மெயிலில் ஒட்டலாம். கூட வந்த வடிவமைப்பு பெரும்பாலும் அங்கேயே கழன்றுவிடும்.

தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுகிறீர்களா?

இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. பெயர் தமிழில், பதவி ஆங்கிலத்தில் என்று எழுதினால், சில வரிகள் நெருக்கமாகவும் சில வரிகள் தள்ளியும் தெரியலாம். இது பத்தி இடைவெளி அல்ல. நீங்கள் தேர்வு செய்த ஆங்கில எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால், கணினி தமிழுக்கு மட்டும் வேறு எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். மேலே புள்ளியும், கீழே உகரச் சுழியும் கொண்ட தமிழுக்கு வரி உயரம் பொதுவாகக் கூடுதலாகத் தேவை. அதனால்தான் வரிக்கு வரி உயரம் மாறுகிறது.

விண்டோஸில் இதற்கு எளிய தீர்வு, மொத்த சிக்னேச்சரையும் ‘நிர்மலா யுஐ’ எழுத்துருவுக்கு மாற்றுவது. அதில் தமிழ், ஆங்கிலம் இரண்டும் உண்டு.

சிலர் அவுட்லுக்கில் ‘லைன் ஸ்பேஸிங்’ என்பதை ‘எக்ஸாக்ட்லி’ என்று வைத்து, அளவைக் குறைத்து வரிகளை நெருக்குவார்கள். தமிழுக்கு இது ஆபத்து. அளவு ரொம்பக் குறைந்தால் எழுத்தின் மேல்பகுதி வெட்டுப்படும். புள்ளி மறைந்தால் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும்; பெயரே மாறிப்போகும். ‘சிங்கிள்’ என்று விடுவதே பாதுகாப்பு.

எனக்குச் சரியாகத் தெரிகிறது, அவருக்கு ஏன் இல்லை?

மெயில் என்பது படம் அல்ல. எழுத்துகளும், அவற்றை எப்படிக் காட்ட வேண்டும் என்ற குறிப்புகளும் சேர்ந்து போகின்றன. ‘பத்திகளுக்கு நடுவே இடைவெளி 0’ என்பதும் அப்படி ஒரு குறிப்புதான். பெறுபவரின் செயலி அந்தக் குறிப்பை ஏற்காவிட்டாலோ, ஃபார்வேர்டு செய்யும்போது அது கழன்றுவிட்டாலோ, பிரவுசர்களின் இயல்பான பழக்கம் திரும்பிவிடும். அதாவது, பத்திக்கு மேலும் கீழும் சுமார் ஒரு எழுத்து உயரத்துக்கு இடம். ஷிஃப்ட் + எண்டர் முறை உறுதியானது என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். அங்கே கழன்றுபோகக் குறிப்பு என்று எதுவுமே இல்லை.

இதற்கு நேர்மாறாக, தனித்தனி வரிகள் ஒன்றாக ஒட்டி வருவதும் உண்டு. வெறும் எழுத்து வடிவில் வரும் மெயில்களில் கூடுதல் வரி முறிவுகளை அவுட்லுக் தானாகவே நீக்கும். முகவரி ஒரே வரியாக வந்தால் பயப்பட வேண்டாம். மெயிலின் மேலே அதைப் பற்றிய அறிவிப்பு இருக்கும். அதைத் தொட்டால் பழைய வரிகள் திரும்பிவிடும்.

பேசாமல் சிக்னேச்சரைப் படமாக வைத்துவிடலாமா?

வேண்டாம். படங்களைத் தடுக்கும் மெயில் அமைப்புகளில் அந்த இடம் வெறும் கட்டமாகத்தான் தெரியும். படத்தில் உள்ள போன் நம்பரைத் தொட்டு உடனே அழைக்க முடியாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரை வாசிப்பான் படத்தில் உள்ள பெயரைப் படிக்காமல் போகலாம். லோகோ வேண்டும் என்றால் அதை மட்டும் படமாக வைத்து, பெயரையும் எண்ணையும் எழுத்தாகவே வையுங்கள்.

அனுப்பும் முன் கவனிக்க

• முக்கியமான மெயில் என்றால், முதலில் உங்களுடைய வேறொரு மெயில் முகவரிக்கு அனுப்பி, செல்போனில் திறந்து பாருங்கள்.

• அங்கிருந்து ஒருமுறை ஃபார்வேர்டு செய்தும் பாருங்கள். அப்போதும் இடைவெளி வராவிட்டால் சிக்னேச்சர் தேறிவிட்டது.

• சிக்னேச்சர் 4, 5 வரிக்குள் இருக்கட்டும். செல்போன் திரையில் அதற்கு மேல் இடமில்லை.

• வெளியில் இருந்து ஒட்டும் எதையும் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + வி தட்டியே ஒட்டுங்கள்.